தொடர்வண்டியில் யாருடைய கனவு? – ‘ஒருதலை ராகம்’, ‘அலைபாயுதே’ திரைப்படங்களில் பயணியும் பாட்டுக்குரலும்

ஆய்வுச் சுருக்கம்

நாள்தோறும் ஒரே வழித்தடத்தில் தொடர்வண்டியில் சென்றுவரும் பயணியை மையமாக்கிய தமிழ்த் திரைப்படங்களுள் ‘ஒருதலை ராகம்’ (1980), ‘அலைபாயுதே’ (2000) ஆகிய இரண்டும் பாடல்களாலேயே இன்றும் நினைக்கப்படுபவை. இவ்விரு படங்களிலும் பயணி காணும் பகற்கனவு யாருக்கு உரியதாக அமைகிறது, அது யாருடைய குரலில் பாட்டாகிறது என்னும் வினாக்களை இக்கட்டுரை ஆராய்கிறது. அகப்பாடல் மரபில் வழிச்செல்லும் தலைவனுக்கு நினைவும், மனையில் இருக்கும் தலைவிக்குக் கனவும் பெரும்பான்மையாக உரியனவாகின்றன. தனித்துப் பயணம் செய்யும் பெண்ணின் நினைவோட்டத்துக்கு அம்மரபில் இடமில்லை. தொடர்வண்டி அத்தகைய பெண்ணை அன்றாடக் காட்சியாக்கியது. ‘அலைபாயுதே’ அவளைத் திரைக்குக் கொண்டுவந்தது; எனினும், பயணத்தின் கனவை மீண்டும் ஆணிடமே ஒப்படைத்தது என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: பகற்கனவு, கைக்கிளை, முல்லை, ஆயம், புறநகர்த் தொடர்வண்டி, திரைப்பாடல், பெண்குரல்.

முன்னுரை

தமிழ்த் திரைப்பாடல் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் பாடல் வரிகளின் இலக்கிய நயத்தைப் பாராட்டுவதாகவோ, சங்கப் பாடற் கருத்துகளுடன் அவ்வரிகளை ஒப்பிட்டு நிறைவுறுவதாகவோ அமைகின்றன. ஒரு பாடல் படத்தின் எவ்விடத்தில் நிற்கிறது, அதை யார் பாடுகிறார், கதைக்குள் அதை யார் கேட்கிறார் ஆகிய வினாக்கள் குறைவாகவே எழுப்பப்படுகின்றன. கனவுப் பாடல் எனத் திரைத்துறை வழங்கும் வகையில் இக்குறை மேலும் தெளிவாகப் புலப்படும். கனவுப் பாடல் கதையோட்டத்தை நிறுத்திவைக்கும் அலங்காரம் என்று ஒதுக்கப்படுகிறது. ஆனால், கனவு காண்பவர் இல்லாமல் கனவு இல்லை. ஒரு படம் தன் மாந்தருள் யாருக்குக் கனவு காணும் உரிமையை வழங்குகிறது என்பது அப்படத்தின் உலகநோக்கைக் காட்டும் அளவுகோல்.

தொடர்வண்டிப் பயணி இவ்வினாவுக்கு ஏற்ற பாத்திரம். வீட்டுக்கும் வேலைக்கும் இடைப்பட்ட அரைமணி அல்லது ஒருமணி நேரம் எப்பணிக்கும் கணக்குக் காட்ட வேண்டாத நேரம். கை ஓய்ந்திருக்க, மனம் தன் போக்கில் செல்லும். அந்நேரத்தில் தோன்றும் பகற்கனவைத் திரைப்படம் பாட்டாக மாற்ற வல்லது. அவ்வாறு மாற்றும்பொழுது எதை எடுத்துக்கொள்கிறது, எதை விட்டுவிடுகிறது என்பதே இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள்.

நோக்குநிலை: மண்ணூர்பேட்டையிலிருந்து

சென்னையின் மேற்குப் புறநகரில், பாடிக்கும் அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்கும் இடையில், திருவள்ளூர் நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்த குடியிருப்பு மண்ணூர்பேட்டை. கொரட்டூர், பட்டரவாக்கம் ஆகிய புறநகர்த் தொடர்வண்டி நிலையங்கள் இதற்கு அண்மையில் உள்ளன. இவ்விரு நிலையங்களும் அமைந்த சென்னை – அரக்கோணம் தடம் தென்னிந்திய இரயில் வரலாற்றின் தொடக்கத்தோடு தொடர்புடையது. 1856ஆம் ஆண்டு சூலை 1ஆம் நாள் இராயபுரத்திலிருந்து ஆர்க்காட்டுப் பகுதியின் வாலாசா சாலை வரை இயங்கிய முதல் பயணியர் வண்டி இத்தடத்தின் வழியாகவே மேற்கு நோக்கிச் சென்றது. 1955இல் பெரம்பூரில் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையும், 1960களில் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் தோன்றிய பின்னர், இத்தடம் தொழிலாளர் தடமாக உருப்பெற்றது. இன்று ஆயத்த ஆடை நிறுவனங்களுக்கும், பொறியியல் பட்டறைகளுக்கும், மென்பொருள் வளாகங்களுக்கும், நகரின் கல்லூரிகளுக்கும் செல்லும் பெண்கள் இவ்வண்டிகளை நிரப்புகின்றனர்.

இப்பகுதியை இங்குச் சுட்டுவது ஊர்ப்பெருமை கருதியன்று. ஆய்வுக்குரிய இரு படங்களும் இங்கு நிகழ்வனவாகக் கதை கூறவும் இல்லை. எனினும், புறநகர் வண்டியின் மகளிர் பெட்டியில் பூத்தொடுத்தும், கீரை ஆய்ந்தும், தோழியரோடு உரையாடியும், சாளரத்துக்கு வெளியே பார்த்தும் செல்லும் பெண் உண்மையான ஒரு பயணி. திரைப்படம் படைத்துக் காட்டும் பயணியை இவளோடு வைத்துப் பார்க்கும்பொழுதுதான் படம் விட்டுவிட்டது எது என்பது தெரியவரும். இக்கட்டுரைக்கு மண்ணூர்பேட்டை ஒரு நோக்குநிலை.

மரபில் கனவும் வழிச்செலவும்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், எண்வகை மெய்ப்பாடுகளுக்குப் புறம்பாக எண்ணித் தரும் மெய்ப்பாடுகளின் வரிசையில் ‘கனவு’, ‘நினைதல்’ என்னும் இரண்டையும் தனித்தனியே குறிக்கிறது. துயிலில் தோன்றுவது கனவு. விழிப்பில் ஒன்றைப் பற்றித் தொடர்ந்து எண்ணுவது நினைதல். கண் திறந்திருக்க, பொதுவிடத்தில் அமர்ந்து, நிகழாத ஒன்றை நிகழ்வதாகக் காணும் பயணியின் பகற்கனவு இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. அதை மரபின் ஒரு சொல்லுக்குள் முழுமையாக அடக்க இயலாது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும்.

காதற்கனவை எடுத்துரைக்கும் உரிமை மரபில் பெரும்பாலும் தலைவிக்கே உரியதாகிறது. குறுந்தொகை 30ஆம் பாடலில் கச்சிப்பேட்டு நன்னாகையார் படைக்கும் தலைவி, தலைவனைத் தழுவியதாகக் கண்ட கனவையும் விழித்தெழுந்து வெறும் படுக்கையைத் தடவிய ஏமாற்றத்தையும் தோழியிடம் கூறுகிறாள். திருக்குறளின் 122ஆம் அதிகாரமான கனவுநிலை உரைத்தல் முழுவதும் தலைவி கூற்று. ஆண்டாளின் நாச்சியார் திருமொழியில் திருமணக் கனவை விவரிக்கும் ஆறாம் திருமொழியும் தோழியை விளித்தே பாடப்படுகிறது. இவற்றில் கனவுக்கு இரண்டு கூறுகள் உள்ளன. ஒன்று, கனவு காணும் பெண். மற்றொன்று, அதைக் கேட்கும் தோழி. கேட்பவள் இருப்பதால்தான் கனவு சொல்லாகிறது. தலைவன் கனவை விளித்துப் பேசும் குறுந்தொகை 147 போன்ற பாடல்களும் உள்ளன. ஆதலின் இதை விலக்கில்லாத விதியாகக் கொள்ளாமல் மிகுதியான வழக்காகக் கொள்வதே பொருந்தும்.

வழிச்செல்வோரின் நினைவோட்டமோ தலைவனுக்கு உரியது. பொருள்வயிற் பிரிந்த தலைவன் இடைச்சுரத்தில் தன் நெஞ்சிற்கு உரைப்பதாக அமையும் பாலைப் பாடல்கள் பல. வினைமுற்றி மீளும் தலைவன் தேர்ப்பாகனிடம் தலைவியின் காத்திருப்பை எண்ணி உரைப்பது முல்லையின் இயல்பான கூற்று. ஊர்தியில் செல்பவன் தலைவன். மனையில் இருப்பவள் தலைவி. இருத்தலே முல்லையின் உரிப்பொருள். கடல்வழிச் செலவு மகளிரோடு இல்லை என்று தொல்காப்பியம் விலக்குகிறது. தலைவி வழிச்செல்லும் உடன்போக்கிலும் அவள் தனியே செல்வதில்லை. அங்கும் அவளது செலவைப் பற்றிப் பெரிதும் பேசுவோர் செவிலியும் நற்றாயும் கண்டோரும்.

இம்மரபை அட்டவணையாக்கினால் ஒரு கட்டம் வெற்றிடமாக நிற்கும். வழிச்செல்லும் ஆணின் நினைவு உண்டு. மனையிலுள்ள பெண்ணின் கனவு உண்டு. தனித்து வழிச்செல்லும் பெண்ணின் பகற்கனவு இல்லை. அத்தகைய பெண் சமூகத்தில் அன்றாடக் காட்சியாக இல்லாதபொழுது அக்கட்டம் வெற்றிடமாக இருந்தது இயல்பே. தொடர்வண்டி அவளை அன்றாடக் காட்சியாக்கிய பின்னரும் அது வெற்றிடமாகவே இருக்கிறதா என்பதே இரு படங்களின் முன்னும் வைக்கத்தக்க வினா.

‘ஒருதலை ராகம்’: எதிர்மொழி இல்லாத பாட்டு

இ. எம். இப்ராகிம் பெயரில் 1980இல் வெளிவந்த ‘ஒருதலை ராகம்’, டி. ராஜேந்தரின் வருகையைத் தமிழ்த் திரையுலகுக்கு அறிவித்த படம். பாடல்களும் மெட்டுகளும் அவருடையவை; பின்னணி இசை ஏ. ஏ. ராஜ். மயிலாடுதுறையை அடுத்த மன்னம்பந்தல் கல்லூரிச் சூழலே இதன் களம். சங்கர் ஏற்ற ராஜா என்னும் மாணவனும் ரூபா ஏற்ற சுபத்ரா என்னும் மாணவியும் கல்லூரிக்குத் தொடர்வண்டியில் சென்றுவருவோர். புதுமுகங்கள் நிறைந்த இப்படம் அடைந்த பெருவெற்றியில் பாடல்களின் பங்கு மிகப் பெரிது.

படத்தின் பெயரே அகத்திணையின் ஒரு வகையை நினைவூட்டுகிறது. ஒருதலைக் காமம் என்பது கைக்கிளைக்கு உரையாசிரியர்கள் தரும் விளக்கம். காதலுணர்வு முதிராத இளம்பெண்ணிடம், மறுமொழி பெறாமலேயே ஒருவன் தானே பேசி இன்புறுவதைக் கைக்கிளைக் குறிப்பு என்கிறது தொல்காப்பியம். இதனைக் கொண்டு ‘ஒருதலை ராகம்’ கைக்கிளைப் படம் என்று முடிவுகட்டுவது எளிது. ஆனால், அம்முடிவு தவறானது. சுபத்ரா காதலுணர்வு முதிராத இளையோள் அல்லள். அவளும் ராஜாவை விரும்புகிறாள். தாயின் வாழ்வைச் சுற்றி எழுந்த ஊர்ப்பேச்சும் அது தந்த அச்சமுமே அவளை வாய் திறக்க விடாமல் தடுக்கின்றன. அகமரபின் சொல்லில் கூறுவதாயின், அவளைத் தடுப்பது அலர். அதுவும் அவளைப் பற்றி எழாமல், அவள் தாயைப் பற்றி முன்னரே எழுந்த அலர்.

எனவே, இப்படத்தில் காதல் ஒருதலையானது அன்று; குரலே ஒருதலையானது. இதைப் படத்தின் பாடல் அமைப்பு உறுதிசெய்கிறது. எஸ். பி. பாலசுப்பிரமணியம், டி. எம். சௌந்தரராஜன், பி. ஜெயச்சந்திரன், மலேசியா வாசுதேவன் ஆகியோர் பாடிய பாடல்களே இதில் இடம்பெற்றுள்ளன. பெண் பின்னணிக் குரலில் ஒரு பாடலும் இல்லை. காதல் இணைப்பாடல் இன்றியமையாதது என்று கருதப்பட்ட காலத்தில் இது துணிவான தேர்வு. கைக்கிளை இலக்கணம் கூறும் ‘மறுமொழி பெறாமை’ இங்கு இசையின் அமைப்பாகவே மாறியுள்ளது. ராஜாவின் தவிப்பு பாட்டாகிறது. சுபத்ராவின் தவிப்பு மௌனமாகிறது. ஒரே தடத்தில் செல்லும் இருவருள் ஒருவரின் மனவோட்டத்தை மட்டுமே பார்வையாளர் செவியால் அறிகின்றனர்.

இவ்வமைப்புக்கு இரு வகையாகப் பொருள் கொள்ளலாம். பெண்ணின் வாயடைக்கும் ஊரமைப்பைப் படம் தன் இசையிலேயே நடித்துக் காட்டுகிறது என்பது ஒன்று. அவ்வமைப்பைக் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டு, ஆணின் துன்பத்தை மட்டும் இனிமையாக்கியது என்பது மற்றொன்று. படத்தின் இறுதிக் காட்சி முதற்பொருளுக்கு வலுச் சேர்க்கிறது. தன் காதலைச் சொல்லும் உறுதியோடு சுபத்ரா தொடர்வண்டியில் ராஜாவிடம் வருகிறாள். அவள் பேசத் தொடங்கும்பொழுது அவன் உயிருடன் இல்லை. பாட்டாக ஒலிக்காத அவள் குரல் உரையாக ஒலிக்கும்பொழுது கேட்போன் இல்லாமற் போகிறான். மறுமொழி பெறாமை என்னும் நிலை ஆணிடமிருந்து பெண்ணுக்கு மாறிவிடுகிறது. நாள்தோறும் இருவரையும் சுமந்த வண்டியிலேயே இது நிகழ்வதால், தவறவிட்ட பயணங்கள் அனைத்தும் அக்காட்சியில் ஒருங்கே நினைவுக்கு வருகின்றன.

ஆயினும், இரண்டாம் பொருளையும் முற்றாக மறுக்க இயலாது. படத்தின் பாடல்கள் வானொலி வழியாகவும் ஒலிநாடா வழியாகவும் படத்தைப் பிரிந்து தனியே வாழ்ந்தன. அவ்வாறு வாழ்ந்தபொழுது இறுதிக் காட்சியின் திருப்பம் அவற்றோடு செல்லவில்லை. பெண்ணைக் குறைகூறும் ஆணின் புலம்பல் மட்டுமே சென்றது. ஒரு தலைமுறை இளைஞர்களிடம் இப்பாடல்கள் பெற்ற செல்வாக்கை மதிப்பிடும்பொழுது, படம் கூறியது வேறு, பாடல்கள் கூறியது வேறு என்னும் இப்பிளவைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

இடைநிலை: மேற்கூரையில் ஆடும் ஆண்

மணி ரத்னம் இயக்கி 1998இல் வெளிவந்த ‘தில் சே’ (தமிழில் ‘உயிரே’) படத்தில், நீலகிரி மலைத்தொடர்வண்டியின் மேற்கூரையில் படமாக்கப்பட்ட பாடல் பரவலாக அறியப்பட்டது. தலைவன் ஓர் இரவில் தொடர்வண்டி நிலையத்தில் ஒரு பெண்ணைக் காண்கிறான். அவள் வண்டியேறிச் சென்றுவிடுகிறாள். அதன் பின்னர் அவன் ஓடும் வண்டியின் மேல் ஆடிப் பாடுகிறான். பயணம் செய்தவள் பெண். பயணத்தின் களிப்பைப் பாட்டாகப் பெற்றவன் ஆண். பாட்டில் அவனோடு ஆடும் பெண், கதையில் இடமில்லாத வேறொருத்தி. ‘அலைபாயுதே’யில் விரிவாகக் காணப்போகும் ஒரு பங்கீட்டின் சுருங்கிய வடிவத்தை இங்கே காணலாம்.

‘அலைபாயுதே’: வராத பயணியும் காத்திருக்கும் கணவனும்

2000ஆம் ஆண்டு ஏப்பிரலில் வெளிவந்த ‘அலைபாயுதே’யில் மாதவன், ஷாலினி ஆகியோர் கார்த்திக், சக்தி என்னும் பாத்திரங்களை ஏற்றனர். இசை ஏ. ஆர். இரகுமான், பாடல்கள் வைரமுத்து, ஒளிப்பதிவு பி. சி. ஸ்ரீராம். சக்தி மருத்துவ மாணவி. இரயில்வே ஊழியரின் மகள். புறநகர் மின்தொடர்வண்டியில் நாள்தோறும் செல்பவள். கார்த்திக் செல்வக் குடும்பத்து இளைஞன். நண்பர்களோடு மென்பொருள் நிறுவனம் தொடங்க முயல்பவன். அவர்களின் காதல் வளரும் இடங்களுள் தலைமையானது தொடர்வண்டி. பெற்றோர் இசையாமையால் இருவரும் மறைவாகத் திருமணம் செய்துகொண்டு, அவரவர் வீட்டுக்கே திரும்புகின்றனர்.

இம்மறைவுத் திருமணம் களவு, கற்பு என்னும் பகுப்பை விந்தையான முறையில் கலைக்கிறது. மரபில் களவு ஒளிவிலும் கற்பு ஊரறியவும் நிகழும். களவை வெளிப்படையாக்கிக் கற்பாக மாற்றுவதே திருமணத்தின் பணி. இங்குத் திருமணமே ஒளிவில் நிகழ்கிறது. கற்பையே களவாக வாழும் இணையருக்கு வீடு இல்லை. அவர்கள் சந்திக்கத்தக்க இடங்களாகப் பொதுவிடங்களே எஞ்சுகின்றன. புறநகர் வண்டியும் நிலைய மேடையும் அவ்வகையில் அவர்களுக்கு மனையாகின்றன. எவருக்கும் சொந்தமில்லாத இடத்தை ஓர் இணையர் சொந்தமாக்கிக்கொள்ளும் நுட்பத்தைப் படம் நன்கு உணர்ந்து காட்டியுள்ளது.

படத்தின் சட்டகக் கதை அதனினும் நுட்பமானது. சக்தி வழக்கமாக வந்திறங்கும் நிலையத்தில் கார்த்திக் காத்திருக்கிறான், அவள் வரவில்லை. அவளைத் தேடி அலையும் அவனது இரவே நிகழ்காலம். காதலும் திருமணமும் பூசலும் பின்னோக்காக விரிகின்றன. முல்லைத் திணை இங்கே தலைகீழாகியுள்ளது. ஊர்தியில் சென்று வினைமுற்றி மீள வேண்டியவள் பெண். இருத்தலுக்கு உரியவன் ஆண். தமிழ்க் காதற்கதை மரபில் இம்மாற்றம் சிறியதன்று. பெண் வேலைக்கும் கல்விக்கும் வெளியேறிய நகர வாழ்வின் உண்மையை ஒரே காட்சியமைப்பில் படம் பதிவுசெய்கிறது.

ஆனால், இடம் மாறிய அளவுக்கு மனம் மாறவில்லை. காத்திருப்பவன் ஆணாகியபொழுது, நினைவுகூர்பவனும் ஆணாகிவிடுகிறான். பின்னோக்குகள் அவனது தேடலிலிருந்தே கிளைக்கின்றன. மரபில் வழிச்செல்வோருக்கு உரியதாக இருந்த நினைவோட்டம், வழிச்செல்பவள் பெண்ணாக மாறியவுடன் அவளைப் பின்தொடராமல், நிலைய மேடையில் நிற்கும் ஆணிடமே தங்கிவிடுகிறது. சக்தி அவ்விரவில் விபத்துக்குள்ளாகி மருத்துவமனையில் நினைவிழந்து கிடக்கிறாள் என்பது பின்னர்த் தெரியவருகிறது. படத்தின் நிகழ்காலத்தில் பெரும்பகுதி, எதையும் நினைக்க இயலாத நிலையில் அவளை வைத்துள்ளது. பயணம் அவளுடையது; பயணத்தைப் பற்றிய நினைவு அவனுடையது.

கனவுப் பாடலின் பங்கீடும் இதற்கு இயைந்தே அமைகிறது. காதல் அரும்பும் கட்டத்தில் வரும், நிறங்களைக் கொண்டாடும் பாடல் கார்த்திக்கின் கற்பனை. ஹரிஹரன் முதன்மையாகப் பாடிய அப்பாடலில், ஒவ்வொரு நிறமாகக் காட்சி மாறும்பொழுது சக்தி அந்நிறங்களை உடுத்துத் தோன்றுகிறாள். புறநகர் வண்டியின் மங்கிய சூழலுக்கு நேரெதிரான வண்ணப்பரப்பு அது. பயணியாகிய பெண்ணின் மனத்தில் அவ்வண்ணங்கள் எழுந்தனவா என்பதைப் படம் கேட்பதில்லை. அவள் கனவு காண்பவளாக இல்லாமல், கனவில் காணப்படுபவளாகவே இருக்கிறாள்.

இம்மதிப்பீட்டுக்கு மறுப்பாகப் பெண்குரல் பாடல்களை எடுத்துக்காட்டலாம். சுவர்ணலதா பாடிய ‘எவனோ ஒருவன்’, சாதனா சர்கமின் குரல் முதன்மை பெறும் ‘சிநேகிதனே’ ஆகியவை படத்தின் மிகச் சிறந்த பாடல்கள். ‘ஒருதலை ராக’த்தில் இல்லாத பெண்குரல் இங்கே முழுமையாக ஒலிக்கிறது, இருபது ஆண்டுகளில் நிகழ்ந்த மாற்றம் மதிக்கத்தக்கது. எனினும், அக்குரல் எவ்விடத்தில் ஒலிக்கிறது என்பதையும் காணல் வேண்டும். முதற்பாடல், சக்தி பிரிவுக்குப் பின் மருத்துவ முகாமுக்காகக் கேரளம் சென்ற நிலையில் வருகிறது. அது பிரிவாற்றாமை, யாரென அறியாத இசையைக் கேட்டு ஏங்கும் மனத்தின் பாட்டு. இரண்டாவது, மணமான பின் தலைவனிடம் முன்வைக்கும் வேண்டுகோள். ஒன்றில் பெண் இரங்குகிறாள், மற்றொன்றில் கேட்கிறாள். இரண்டும் மரபு அவளுக்கு முன்னரே வழங்கிய உணர்வு நிலைகள். நாள்தோறும் அவள் செல்லும் வண்டியில், அவளது விழிப்பில் எழும் கற்பனைக்கு மட்டும் பாட்டு இல்லை. மரபின் அட்டவணையில் வெற்றிடமாக நின்ற கட்டத்துக்குள் படம் ஒரு பெண்ணைக் கொண்டுவந்து அமரவைத்தது. ஆனால், அவளைப் பாடவைக்கவில்லை.

படத்தின் பெயர் இம்முரணை மேலும் கூர்மையாக்குகிறது. ஊத்துக்காடு வேங்கடகவியின் கானடா இராகப் பாடலிலிருந்து பெறப்பட்ட பெயர் அது. கண்ணனின் குழலோசை கேட்டு அலையும் மனம் பெண்ணின் மனம். பெயரில் அலைபாய்வது பெண்ணின் மனம். கதையில் அலைந்து தேடுவது ஆணின் மனம்.

ஓர் ஒப்பீடு: இரைச்சலிலிருந்து பாட்டு

‘அலைபாயுதே’ வெளிவந்த அதே 2000ஆம் ஆண்டில் கான் திரைப்பட விழாவில் தங்கப் பனை விருது பெற்றது, லார்ஸ் வான் டிரையர் இயக்கிய ‘டான்சர் இன் த டார்க்’. இதன் தலைவி செல்மா, அமெரிக்கத் தொழிற்சாலை ஒன்றில் பணியாற்றும் செக் நாட்டுப் புலம்பெயர் பெண், பார்வையை இழந்துவருபவள், இசைப்படங்களை நேசிப்பவள். எந்திரங்களின் சீரான ஓசை அவள் செவியில் தாளமாகிறது, தாளம் பாட்டாகிறது. தண்டவாளத்தை ஒட்டி வீடு திரும்பும் அவள், சரக்கு வண்டியின் ஓசையிலிருந்தும் ஒரு பாடலைப் பெறுகிறாள். அப்பாத்திரத்தை ஏற்ற பியோர்க்கே படத்தின் இசையையும் அமைத்தார். கனவு காண்பவளும், பாடுபவளும், இசையமைப்பவளும் ஒருத்தியே.

செல்மா நாள்தோறும் வண்டியில் செல்பவள் அல்லள். அவள் கதை தூக்குமேடையில் முடியும் துன்பியல். அதைப் பின்பற்றத்தக்க முன்மாதிரியாக வைப்பது இங்கு நோக்கமன்று. எனினும், அப்படம் இரண்டு செய்திகளை நிறுவுகிறது. முதலாவது, உழைக்கும் பெண்ணின் பகற்கனவு காதலை மட்டுமே பொருளாகக் கொள்ள வேண்டியதில்லை. தன் உழைப்பின் ஓசையையே அது பொருளாக்கிக்கொள்ளலாம். இரண்டாவது, அக்கனவுக்கு ஒரு விலை உண்டு. எந்திரத்தின் முன் கனவில் ஆழ்ந்ததால் செல்மா எந்திரத்தைப் பழுதாக்குகிறாள், வேலையை இழக்கிறாள். தொழிற்கூடத்தில் கனவு காண்பது ஆபத்தானது என்பதை அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் பணிபுரியும் எந்தப் பெண்ணும் அறிவாள். தைக்கும் எந்திரமும் அழுத்தும் எந்திரமும் கவனச் சிதறலைப் பொறுப்பதில்லை. வீட்டிலும் அவளுக்கு அடுத்த வேலை காத்திருக்கிறது. இரண்டுக்கும் இடையில் அச்சமின்றிக் கனவு காணத்தக்க இடம் தொடர்வண்டி ஒன்றே. அதனால்தான், அவ்விடத்துக் கனவைத் திரைப்படம் யாருக்கு வழங்குகிறது என்பது வெறும் அழகியல் வினாவாக நின்றுவிடுவதில்லை.

மகளிர் பெட்டியும் ஆயமும்

இரு தமிழ்ப் படங்களிலும் தொடர்வண்டி ஆணும் பெண்ணும் எதிர்ப்படும் இடமாகவே பொருள் பெறுகிறது. காதற்கதைக்கு அது தேவையே. ஆனால், புறநகர் வண்டியில் ஆண் எதிர்ப்படாத மகளிர் பெட்டியும் உண்டு. ஒரே நேரத்து வண்டியில் ஆண்டுக்கணக்காகச் சேர்ந்து செல்லும் பெண்கள் அங்கு ஒரு கூட்டமாகின்றனர். ஒருத்திக்காக மற்றொருத்தி இடம் பிடித்துவைக்கிறாள். வீட்டில் சொல்ல இயலாததை அங்குச் சொல்கிறாள். அகமரபு தலைவியின் தோழியர் கூட்டத்தை ‘ஆயம்’ என்று குறிக்கும். பழம்பாடல்களில் புனத்திலும் பொய்கையிலும் கூடிய ஆயம், இன்று மகளிர் பெட்டியில் கூடுகிறது எனலாம்.

முன்னர்க் கண்டவாறு, தலைவியின் கனவு சொல்லாவதற்குக் கேட்கும் தோழி இன்றியமையாதவள். ‘ஒருதலை ராக’த்தின் சுபத்ரா தன் மனத்தைப் பாட்டாகச் சொல்ல ஒரு செவியைப் படத்தின் இசை அமைக்கவில்லை. ‘அலைபாயுதே’யின் சக்திக்குத் தமக்கை பூரணி உள்ளாள், ஆனால், அவளும் கதையின் பிற்பகுதியில் ஐயத்துக்குக் காரணமாகிச் சக்தியிடமிருந்து விலகி நிற்க நேர்கிறது. கேட்கும் பெண் இல்லாதபொழுது கனவு காணும் பெண்ணும் இல்லாமற் போகிறாள். ஆணின் கனவுப் பாடலுக்குக் கதைக்குள் கேட்போர் தேவையில்லை, நிலக்காட்சி போதும். பெண்ணின் கனவுக்கு மரபு கேட்போரை வேண்டியது. அக்கேட்போர் கூட்டம் புறநகர் வண்டியில் ஆயத்தமாக இருந்தும் இவ்விரு படங்களின் ஒளிப்படக் கருவிகள் அப்பெட்டிக்குள் தங்கவில்லை.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன பெறப்படுகின்றன. ‘ஒருதலை ராக’த்தைக் கைக்கிளை எனப் பெயரிடுவது அதன் பெண் பாத்திரத்தின் காதலை மறைத்துவிடும், அப்படத்தில் ஒருதலையாக இருப்பது காதல் அன்று, பாட்டுக்குரல். ‘அலைபாயுதே’ முல்லையின் இருத்தலை ஆணுக்கு மாற்றி, பெண்ணை வழிச்செல்பவளாக்கியது. ஆனால், வழிச்செல்வோருக்கு மரபு வழங்கிய நினைவோட்டத்தை அவளுக்கு வழங்கவில்லை. பெண்குரல் இல்லாத நிலையிலிருந்து பெண்குரல் இரங்கும், வேண்டும் நிலைக்குத் திரைப்பாடல் வந்தது வளர்ச்சியே. பெண்குரல் தன் பயணத்தில் தானே கற்பனை செய்யும் நிலையை இவ்விரு படங்களும் எட்டவில்லை.

திணைக் கோட்பாட்டைத் திரைப்படத்தின்மேல் பெயர்ப்பலகையாக ஒட்டுவதால் இம்முடிபுகள் கிடைத்திரா. மரபு எதைச் சொல்லியது என்பதோடு, எதற்கு இடமளிக்கவில்லை என்பதையும் கேட்டபொழுதே தனித்துச் செல்லும் பெண் பயணியின் இடம் புலப்பட்டது. திரைப்பாடல் ஆய்வு வரிநயத்தைக் கடந்து, பாடுவோர், கேட்போர், பாடும் இடம் ஆகிய மூன்றையும் சேர்த்துக் காண வேண்டியதன் தேவையை இது உணர்த்துகிறது. பேருந்து, பங்குத் தானி, பறக்கும் தொடர்வண்டி, மெட்ரோ ஆகியவற்றில் செல்லும் பெண்களைக் காட்டும் பிற்காலப் படங்களையும் இதே வினாக்களால் ஆராயலாம்.

மாலைப் பணிமுறை முடிந்து பட்டரவாக்கத்தில் வண்டியேறி, சாளரத்தோரம் இடம் கிடைத்த ஒரு பெண், தன் நிலையம் வரும்வரை எதை எண்ணிச் செல்கிறாள் என்பதைத் தமிழ்த் திரையிசையின் இவ்விரு பெரும் வெற்றிப் படங்களும் அறிய முற்படவில்லை. அவளுக்குரிய பாட்டு எழுதப்படும்பொழுது, அது காதலைப் பற்றியதாகவும் இருக்கலாம். மறுநாள் கிடைக்கவிருக்கும் விடுமுறையைப் பற்றியதாகவும் இருக்கலாம். எதைப் பற்றியது என்பதை அவளே முடிவுசெய்ய வேண்டும்.